கணையக் கட்டியில் ஊசி பயாப்சி: ‘நெகட்டிவ்’ வந்தால் எவ்வளவு நம்பலாம்?

கணையத்தில் கட்டி இருப்பதாக சி.டி. ஸ்கேனில் வந்தது. எண்டோஸ்கோப்பி வழியாக ஊசி செலுத்திச் சதை எடுத்தார்கள். நாலு நாள் கழித்து ‘புற்றுநோய் செல்கள் காணப்படவில்லை’ என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. ஊரில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. ஆனால் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாம்” என்கிறார். இதெல்லாம் பணம் பிடுங்குகிற வேலை என்று வீட்டில் ஒரு சித்தப்பாவாவது உடனே ஆரம்பிப்பார்.

நான் பெங்களூரில் ஒரு பெத்தாலஜி லேபில் டெக்னீஷியன். ஸ்லைடு தயார் செய்வது என் வேலை; அதைப் பார்த்து முடிவு எழுதுவது டாக்டர். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தங்கவயல் பக்கமிருந்து இங்கே வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஏராளம். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் டாக்டர் சொன்னதில் பாதி புரிந்திருக்கும். தமிழ் பேசுகிற ஆள் கண்ணில் பட்டால் ரிப்போர்ட்டை நீட்டி, “அண்ணா, இது நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்லுங்க” என்பார்கள். நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பொறுத்தவரை, அந்தக் காகிதத்தை மட்டும் வைத்து அதைச் சொல்லவே முடியாது. ஏன் முடியாது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணையம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் குறுக்காகப் படுத்திருக்கிறது. அதன் தலைப்பகுதியைச் சிறுகுடலின் முதல் வளைவு சுற்றியிருக்கும். வால் மண்ணீரல் வரை போகும். பெரிய ரத்தக் குழாய்கள் எல்லாம் அதை ஒட்டியே ஓடுகின்றன. வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுக்கிற ஸ்கேனில் குடலில் உள்ள காற்று பல நேரம் அதை மறைத்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு வந்த வழிதான் இ.யு.எஸ்., அதாவது எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியிலேயே ஒரு குட்டி அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்திவிடுவது. மயக்க மருந்து கொடுத்து, இடது பக்கமாகப் படுக்கவைத்து, வாய் வழியாகக் குழாயை இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் கொண்டுபோவார்கள். அங்கிருந்து பார்த்தால் கணையம் சுவருக்கு அடுத்த பக்கத்தில்தான். தலையில் உள்ள கட்டியைச் சிறுகுடலில் இருந்தும், உடலிலும் வாலிலும் உள்ளதை இரைப்பையில் இருந்தும் பார்ப்பார்கள். அதே குழாய்க்குள் ஊசியை விட்டு, திரையில் ஊசி போவதைப் பார்த்துக்கொண்டே, ரத்தக் குழாய்களை விலக்கிக் கட்டிக்குள் குத்தலாம். இந்த முறையில் கணையத்தில் ஊசி செலுத்தியதை டென்மார்க்கின் பீட்டர் வில்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1992-ல் முதன்முதலாக எழுதினார்கள்.

ஊசி 19, 22, 25 கேஜ் என்ற அளவுகளில் வரும். எண் கூடக்கூட ஊசி மெலியும். 22 என்பது ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். ஒருமுறை கட்டிக்குள் நுழைந்து, முன்னும் பின்னுமாகப் பலமுறை அசைத்து வெளியே எடுப்பது ஒரு ‘பாஸ்’. சாதாரண ஊசியில் வருவது பெரும்பாலும் உதிரிச் செல்கள், இதைத்தான் எஃப்.என்.ஏ. என்கிறார்கள். நுனியில் மூன்று பல் வைத்த புதிய ஊசிகள் சதையையே மெல்லிய இழையாக வெட்டி எடுக்கும்; அது எஃப்.என்.பி. எடுத்த மாதிரியை அங்கேயே சோதிக்க ஆள் இல்லாத இடத்தில் முதல் வகைக்கு 3 முதல் 4 பாஸ், இரண்டாவதற்கு 2 முதல் 3 பாஸ் எடுக்கலாம் என்பது ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2017-ல் சொன்ன பரிந்துரை. ‘மூணு தடவை குத்தினாங்களாம், டாக்டருக்கு அனுபவம் இல்லபோல’ என்று ஒரு மகன் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். இல்லை, அதுதான் முறை.

ஊசிக்குள் இருக்கும் கம்பியைத் தள்ளியதும் கண்ணாடித் தகட்டில் என்ன விழுகிறது என்பது எனக்கு முக்கியம். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் சிவப்பாகத்தான் தெரியும். ஊசி முனையால் மெல்ல விலக்கிப் பார்த்தால், அந்த ரத்தத்துக்குள் வெளுப்பாக ஓர் இழை கிடக்க வேண்டும். அதுதான் சதை. வெறும் சிவப்பு மட்டும் என்றால் உறைந்த ரத்தம், அவ்வளவுதான். உதிரிச் செல்களை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து இழுத்து, சில ஸ்லைடுகளைக் காற்றில் உலர்த்துவோம், சிலவற்றை உடனே ஆல்கஹாலில் முக்குவோம். இந்த ‘உடனே’யில் கொஞ்சம் அசந்தாலும் செல்கள் காய்ந்து ஊதிப்போய், உட்கரு மங்கித் தெரியும், பார்க்கிற டாக்டர் உறுதியாக எதையும் எழுத முடியாது. இழையை ஃபார்மலினில் போட்டு, அப்புறம் மெழுகில் பதித்து, 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் சீவி, சாயம் ஏற்றுவோம். ரிப்போர்ட்டுக்கு நாலைந்து நாள் ஆவது இதனால்தான். சிறப்புச் சாயங்கள் தேவைப்பட்டால் இன்னும் சில நாள் கூடும்.

சில ஆஸ்பத்திரிகளில் ஊசி போடும் அறையிலேயே நுண்ணோக்கியோடு ஒருவர் இருந்து, ‘போதும்’ அல்லது ‘இன்னொன்று எடுங்கள்’ என்று சொல்வதுண்டு. பழைய ஊசிகளுக்கு அது உதவியது. புதிய எஃப்.என்.பி. ஊசிகளோடு 800 பேரை இரண்டு பிரிவாக்கிச் செய்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. அப்படி ஆள் இருந்த பிரிவில் 96.4 சதவீதம் சரியாக வந்தது, இல்லாத பிரிவில் 97.4. அதனால் நம் ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லையே என்று கவலைப்பட்டு ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

சரி, இவ்வளவு துல்லியமாகக் குறிபார்த்துக் குத்தியும் ஏன் தவறுகிறது? கணையத்தில் அதிகம் வருகிற புற்றுநோயின் குணமே அப்படி. கட்டி என்று ஸ்கேனில் தெரிவதில் பெரும்பகுதி நார்த்திசு. அதற்கு நடுவே அங்கங்கே சிதறிக் கிடப்பவைதான் புற்றுநோய் செல்கள். சில கட்டிகளின் மையம் செத்துப்போயிருக்கும். ஊசி போன வழியில் நாரும் அழற்சியும் மட்டும் இருந்தால், ரிப்போர்ட்டில் நாரும் அழற்சியும் மட்டும்தான் வரும். பாயசத்தில் கரண்டி விட்டு எடுக்கும்போது முந்திரி வந்தால், அந்தப் பாயசத்தில் முந்திரி போட்டிருக்கிறார்கள் என்பது நிச்சயம். வரவில்லை என்றால், போடவே இல்லை என்றும் இருக்கலாம், அந்தக் கரண்டியில் ஏறவில்லை என்றும் இருக்கலாம்.

இந்த ஏற்றத்தாழ்வை அளக்கத்தான் சென்சிடிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி என்ற இரண்டு எண்கள். புற்றுநோய் உண்மையில் உள்ள 100 பேரில் எத்தனை பேரைச் சோதனை கண்டுபிடிக்கிறது என்பது சென்சிடிவிட்டி. புற்றுநோய் இல்லாத 100 பேரில் எத்தனை பேரைச் சரியாக ‘இல்லை’ என்று விடுகிறது என்பது ஸ்பெசிஃபிசிட்டி. எஃப்.என்.ஏ. பற்றிய 33 ஆய்வுகளை, மொத்தம் 4,984 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு தொகுப்பு 2012-ல் வெளிவந்தது. அதில் சென்சிடிவிட்டி 85 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி 98 சதவீதம்.

ஆனால் இந்த இரண்டும் நோயாளியின் கேள்விக்கு நேர்ப் பதில் இல்லை. ‘நோய் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு’ என்று அவை தொடங்குகின்றன. நோய் இருக்கிறதா என்பதே தெரியாமல்தானே நாம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம்? நமக்கு வேண்டியது தலைகீழ்க் கணக்கு: ரிப்போர்ட் இப்படி வந்துவிட்டது, இப்போது நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? இதற்குக் கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட வேண்டும்.

வயது அறுபதைத் தாண்டியவர்கள், மஞ்சள் காமாலை, எடை கிடுகிடுவென இறங்கியிருக்கிறது, ஸ்கேனில் கணையத் தலையில் கட்டி. இப்படிப்பட்ட 1,000 பேரில் 800 பேருக்குப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். (இந்த 800 கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது.) 85 சதவீதம் என்றால் அந்த 800-ல் 680 பேருக்குப் பாசிட்டிவ் வரும், 120 பேர் நழுவிவிடுவார்கள். புற்றுநோய் இல்லாத 200 பேரில் 196 பேருக்கு நெகட்டிவ், 4 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ். இப்போது ரிப்போர்ட் பக்கமிருந்து பாருங்கள். பாசிட்டிவ் வந்தவர்கள் 684 பேர், அதில் 680 உண்மை. அநேகமாகச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நெகட்டிவ் வந்தவர்கள் 316 பேர். அதில் 120 பேருக்குப் புற்றுநோய் இருக்கிறது! நூற்றுக்கு 38 பேர். டாக்டர் ஏன் சிரிக்கவில்லை என்பது இப்போது விளங்கும்.

இன்னொரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள், பல வருடக் குடிப்பழக்கம், நாள்பட்ட கணைய அழற்சி, ஏற்கெனவே இரண்டு மூன்று முறை வயிற்றுவலி என்று அட்மிட் ஆனவர்கள். இவர்களுக்கும் ஸ்கேனில் கட்டி மாதிரி தெரியும். பெரும்பாலும் அது அழற்சியின் வீக்கம்தான். இங்கே 1,000 பேரில் 200 பேருக்குத்தான் புற்றுநோய் என்று வைப்போம். அழற்சி உள்ள கணையத்தில் ஊசியின் திறமை குறைந்துவிடும். 2005-ல் வந்த ஓர் ஆய்வில் அழற்சி இல்லாதவர்களிடம் 91 சதவீதமாக இருந்த சென்சிடிவிட்டி, அழற்சி உள்ளவர்களிடம் 74 ஆக இறங்கியது. அந்த 74-ஐயே போடுவோம். 200-ல் 148 பேர் பிடிபடுவார்கள், 52 பேர் நழுவுவார்கள். நோய் இல்லாத 800-ல் 784 பேருக்கு நெகட்டிவ், 16 பேருக்குத் தவறான பாசிட்டிவ். நெகட்டிவ் வந்தவர்கள் மொத்தம் 836. அதில் புற்றுநோய் 52 பேருக்கு. நூற்றுக்கு ஆறு.

வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது கூட்டத்தில் ஊசி மோசமாக வேலை செய்கிறது, ஆனால் அதன் நெகட்டிவ் ரிப்போர்ட்டை நாம் அதிகமாக நம்பலாம். சோதனைக்கு முன்பே நோய்க்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பது ரிப்போர்ட்டின் அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது. அதே வாசகம், அதே கையெழுத்து; ஒருவருக்குப் பெரிய ஆறுதல், இன்னொருவருக்கு ‘மறுபடி எடு’ என்ற உத்தரவு. வயது, காமாலை, எடை, ஸ்கேன் எதுவும் தெரியாமல் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டின் போட்டோவை மட்டும் அனுப்பி யாரிடம் கேட்டாலும் உருப்படியான பதில் வராது.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் ‘மொத்தத் துல்லியம்’ எவ்வளவு? முதலாவதில் 1,000-ல் 876 சரி, 87.6 சதவீதம். இரண்டாவதில் 932 சரி, 93.2 சதவீதம். மட்டமாக வேலை செய்த இடத்தில் எண் உயர்ந்து நிற்கிறது, காரணம் அங்கே நோய் இல்லாதவர்கள் அதிகம். இன்னும் சொன்னால், முதல் கூட்டத்தில் ஊசியே போடாமல் எல்லோருக்கும் ‘புற்றுநோய்’ என்று எழுதினால்கூட 80 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். விளம்பரத்தில் ‘95 சதவீதத் துல்லியம்’ என்று யாராவது போட்டால் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, யாரிடம் சோதித்தீர்கள் என்பதுதான்.

அடுத்த கேள்வி, எதைப் பாசிட்டிவ் என்று எண்ணினீர்கள். ரிப்போர்ட் எப்போதும் ஆம், இல்லை என்று இரண்டாகப் பிரிந்து வராது. உலக சுகாதார அமைப்பு 2022-ல் கொண்டுவந்த முறையில் ஏழு வகைகள் இருக்கின்றன. மாதிரி போதவில்லை என்பதில் தொடங்கி, நெகட்டிவ், இயல்புக்கு மாறான செல்கள், இரண்டு தரக் கட்டிகள், சந்தேகம், உறுதி என்று போகும். முன்பு சொன்ன 2012 தொகுப்பிலேயே, உறுதியானதை மட்டும் பாசிட்டிவாக எண்ணினால் சென்சிடிவிட்டி 85, ஸ்பெசிஃபிசிட்டி 98. சந்தேகத்தையும் இயல்புக்கு மாறானதையும் சேர்த்து எண்ணினால் சென்சிடிவிட்டி 91, ஸ்பெசிஃபிசிட்டி 94. அதே நோயாளிகள், அதே ஸ்லைடுகள். வலையை அகலமாக்கினால் அதிகம் பேர் பிடிபடுவார்கள், கூடவே நோய் இல்லாத சிலரும் மாட்டுவார்கள்.

‘மாதிரி போதவில்லை’ என்று வந்ததைப் பலர் நெகட்டிவ் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது நெகட்டிவ் அல்ல. சோதனையே நடக்காத மாதிரிதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஊசி நெகட்டிவ் என்று வந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், ஊசியைத் திரும்பப் போடுவது ஒரு வழி. அதோடு கட்டி வேறு எதுவாக இருக்கலாம் என்றும் தேடுவார்கள். நம் நாட்டில் காசநோய் கணையத்திலும் அதைச் சுற்றியுள்ள நிணநீர்க் கட்டிகளிலும் வந்து அச்சு அசலாகப் புற்றுநோய் போலவே காட்டும். அதற்கு ஆறு மாத மாத்திரை போதும், ஆபரேஷன் தேவைப்படாது. ஐ.ஜி.ஜி.4 என்ற ரத்தப் பரிசோதனையோடு தொடர்புள்ள தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி என்று ஒன்று உண்டு. ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தக் ‘கட்டி’ சில வாரங்களில் சுருங்கும். ஆனால் புற்றுநோய் இல்லை என்று ஓரளவு தெளிந்த பிறகுதான் அதைக் கொடுத்துப் பார்ப்பார்கள். சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. காமாலை இருந்தாலே அது ஏறும், சிலருடைய உடலில் அது உற்பத்தியே ஆகாது.

பாசிட்டிவ் வந்தாலும் என்ன வகை என்பது பெரிய விஷயம். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், தனக்குக் கணையத்தில் கட்டி வந்த கதையை 2005-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் தன் வாயாலேயே சொன்னார். ஸ்கேனைப் பார்த்த டாக்டர்கள், சில மாதம்தான் என்பதுபோல் பேசிவிட்டார்கள். அன்று மாலையே தொண்டை வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, ஊசியால் கணையத்திலிருந்து செல்களை எடுத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அழுதுவிட்டார்களாம், அது ஆபரேஷனால் குணப்படுத்தக்கூடிய அரிய வகை என்று தெரிந்ததால். அவர் 2011-ல் இறந்தார் என்றாலும், அவருக்கு வந்த நியூரோஎண்டோகிரைன் வகை (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது) பொதுவாக மெதுவாக வளரக்கூடியது, வைத்தியமும் வேறு.

இன்னொரு பக்கம், சிலருக்கு ஊசியே போடாமல் நேராக ஆபரேஷனுக்கு அனுப்புவார்கள். ‘டெஸ்ட் பண்ணாமலே எப்படி வெட்டுவாங்க?’ என்று சொந்தக்காரர்கள் கொதிப்பார்கள். முதல் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஸ்கேனில் புற்றுநோய் என்று தெளிவாகத் தெரிகிறது, ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையிலும் இருக்கிறது என்றால், ஊசி நெகட்டிவ் என்று வந்தாலும் டாக்டர் அதை நம்பி ஆபரேஷனை விடப்போவதில்லை. முடிவை மாற்றாத சோதனையை எதற்குச் செய்ய வேண்டும்? ஆனால் கீமோதெரபி முதலில் கொடுப்பதாக இருந்தால் பயாப்சி கட்டாயம். சதையில் உறுதியாகாமல் அந்த மருந்தை ஏற்ற மாட்டார்கள்.

ஊசி பட்டால் பரவிவிடும் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. ஊசி போன வழியில் செல்கள் ஒட்டி வளர்ந்தது என்று மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது, ஆனால் அரிதாகத்தான். வயிற்றுத் தோல் வழியாகக் குத்துவதைவிட இந்த முறையில் அது இன்னும் குறைவு. கணையத் தலைக் கட்டிக்கு ஊசி சிறுகுடல் சுவர் வழியாகப் போகிறது; கணையத் தலையை அகற்றுகிற விப்பிள் ஆபரேஷனில் அந்தக் குடல் பகுதியும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். உண்மையில் கவனிக்க வேண்டியவை ரத்தக்கசிவும், ஊசி பட்டுக் கணையம் வீங்கிக்கொள்வதும்; அவையும் நூற்றில் ஓரிருவருக்கு நடந்தாலே அதிகம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் வயிற்றுவலி முதுகுக்குப் பாய்ந்தால் காலை வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

ரிப்போர்ட் கையில் கிடைத்ததும் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மாதிரி போதுமானதாக இருந்ததா? ஊசி போடுவதற்கு முன் உங்களுக்கு எவ்வளவு சந்தேகம் இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலான டாக்டர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார்கள்.

அப்புறம், பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ இரண்டாவது கருத்துக்குப் போவதாக இருந்தால், ரிப்போர்ட்டோடு ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் லேபில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நெகட்டிவ் என்று வந்ததையும் சேர்த்துத்தான். நாங்கள் சீவிப் பார்ப்பது அந்தப் பிளாக்கின் ஒரு பகுதியைத்தான். இன்னும் ஆழமாகச் சீவும்போது முதலில் தெரியாதது தெரிய வந்ததுண்டு. அது கையில் இருந்தால், சில நேரம் இன்னொரு ஊசியே மிச்சமாகும்.